வீதியோரத்தில் நிற்க வருபவர்களுக்கு: கொழும்பு ஓட்டப் போட்டித் தொண்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் மரைன் டிரைவில் ஓடுவேன். பத்து கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே ஓடி முடிக்கும் சாதாரண ஓட்டக்காரன். ஒன்பது ஆண்டுகளாக, ஆண்டில் இரண்டு மூன்று போட்டிகளிலாவது ஓடாமல் தொண்டராக நிற்கிறேன். தண்ணீர் மேசை, சந்தி, முடிவுக்கோடு, கடைசி ஆளோடு நடப்பது என்று எல்லா வேலையும் பார்த்தாயிற்று. எங்கள் ஓட்டக் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள், அலுவலக நண்பர்கள், பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் ஓடுவதே இல்லை. தொண்டராக வரலாமா?

தாராளமாக வரலாம். நான் பார்த்த மிகச் சிறந்த சந்தித் தொண்டர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வாழ்நாளில் ஒரு போட்டியிலும் அவர் ஓடியதில்லை. முப்பது ஆண்டுகள் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய கையும் குரலும் அவருக்கு இருந்தன. அவர் நின்ற வளைவில் ஒருவர்கூட வழி மாறவில்லை. இரண்டு மூன்று மணித்தியாலம் நிற்கும் கால், கவனம் சிதறாத கண், முகம் கொடுத்துப் பேசும் குணம் இருந்தால் போதும்.

ஓடக்கூடியவர் ஏன் ஓடாமல் நிற்க வேண்டும்?

என் முதல் அரை மரதனில் நடந்ததைச் சொன்னால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். எந்தப் போட்டி என்பது வேண்டாம். பதினாறாவது கிலோமீற்றருக்கு அருகில் தண்ணீர் மேசை இருப்பதாக வரைபடத்தில் போட்டிருந்தார்கள். அந்த மேசையை நினைத்துக்கொண்டே அதற்கு முந்தைய நான்கு கிலோமீற்றரைத் தள்ளிக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது மேசையை மடித்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீதியெங்கும் மிதிபட்ட கப்புகள். தண்ணீர்ப் போத்தல்கள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. எனக்குப் பின்னால் இன்னும் நாற்பது ஐம்பது பேர் வரவேண்டியிருந்தது. எதிரே கடை திறந்துகொண்டிருந்த ஒரு ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் செம்பை மறுபடி நிரப்பிக்கொண்டு வாசலில் நின்றார், அடுத்து வருபவருக்காக.

அந்தச் செம்பை மறக்க முடியவில்லை. அடுத்த போட்டிக்கு ஓடப் பதியாமல் தொண்டராகப் பெயர் கொடுத்தேன். முதலில் வருபவருக்குக் கிடைக்கும் தண்ணீரும் கைதட்டலும் கடைசியில் வருபவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே பிடிவாதம். கடைசியில் வருபவர் அதே காசைக் கட்டியிருக்கிறார். வெயில் ஏறிய பிறகும் வீதியில் இருப்பதும் அவர்தான்.

எல்லாவற்றையும் "மரதன்" என்கிறார்களே, சரியா?

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் ஊரைச் சுற்றி ஓடவைப்பதைத்தான் நாம் முதலில் மரதன் என்று பழகினோம். அதனால் ஐந்து கிலோமீற்றரும் நமக்கு மரதன்தான். பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தொண்டராக நிற்கும்போது தூரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். மரதன் என்பது 42.195 கிலோமீற்றர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய இந்தத் தூரத்தை 1921இல் உலகப் பொது அளவாக்கினார்கள். அதில் பாதி அரை மரதன். கொழும்பில் பெரும்பாலான தொண்டர் வேலை 5, 10, 21 கிலோமீற்றர் ஓட்டங்களில்தான் கிடைக்கும்.

எத்தனை மணிக்கு வர வேண்டும்?

ஓட்டம் ஐந்தரைக்கு என்றால் நீங்கள் மூன்றரைக்கு இடத்தில் இருக்க வேண்டும். கொழும்பில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே இருக்கும். மாறினாலும் ஏறத்தாழ அரை மணித்தியாலம்தான். ஏழரைக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் காற்றில் இருக்கும் ஈரம். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். நம் ஊரில் வியர்வை காயாமல் ஒழுகிப் போய்விடும். ஆகவே இருட்டோடு ஆரம்பித்து, வெயிலுக்கு முன்னால் முடிந்த அளவு பேரை முடிவுக்கோட்டில் சேர்ப்பதுதான் நோக்கம்.

அந்த நேரத்தில் காலி வீதியில் 100, 101 பஸ்களை நம்பிப் புறப்படாதீர்கள். முதல்நாளே ஓட்டோவுக்குச் சொல்லிவையுங்கள், அல்லது பக்கத்துத் தொண்டர் யாருடனாவது சேர்ந்து வாருங்கள்.

தண்ணீர் மேசையில் உண்மையில் என்ன வேலை?

பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும். ஆடிவேல் தேர் வரும்போது வழியில் வைக்கும் தண்ணீர்ப் பந்தலையும், வெசாக்குக்கு வைக்கும் தன்சலையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே வருபவர் நின்று வாங்குவார். இங்கே வருபவர் நிற்கமாட்டார். வேலை முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

கப்பைப் பாதிக்குச் சற்று மேலே நிரப்புங்கள். விளிம்புவரை நிரப்பினால் பாதி உங்கள் சட்டையில், மீதி அவர் முகத்தில். கப்பை முஷ்டியால் இறுகப் பிடித்தால் ஓடுபவரால் எடுக்க முடியாது. உள்ளங்கையைத் தட்டுப்போல் விரித்து அதன்மேல் வைத்து நீட்டுங்கள். இல்லையென்றால் மேல்விளிம்பை இரண்டு விரலால் மெல்லப் பிடியுங்கள். கையை நன்றாக நீட்டி, உடலைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணைப் பாருங்கள். "எனக்கு" என்று அவர் கண் சொல்லும். அவர் விரல் கப்பில் பட்டதும் அவர் ஓடும் திசையில் உங்கள் கையும் ஓர் அடி போகட்டும், பிறகு விடுங்கள். அந்த ஓர் அடியில்தான் தண்ணீர் சிந்தாமல் கைமாறுகிறது. பத்துப் பேருக்குக் கொடுத்தால் கைக்கு வந்துவிடும்.

தண்ணீரும் உப்புச்சர்க்கரைப் பானமும் இரண்டும் இருந்தால், எது எது என்று உரத்துச் சொல்லிக்கொண்டே இருங்கள். பானத்தைத் தண்ணீர் என்று நினைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மீதி ஓட்டம் முழுவதும் கண் எரியும்.

மேசையை வளைவில் போடாதீர்கள்; வளைவு கழிந்து நேரான இடத்தில் போடுங்கள். ஒரே நீள மேசையைவிட இடைவெளி விட்டு நான்கு மேசைகள் நல்லது. முதல் மேசையில்தான் எல்லோரும் முட்டி மோதுவார்கள், ஆகவே "முன்னாலும் இருக்கிறது, முன்னாலும் இருக்கிறது" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குப்பைப் பெட்டியை மேசைக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. குடித்து முடிக்க ஐம்பது, நூறு மீற்றர் வேண்டும். பெட்டி அங்கே இருக்க வேண்டும்.

நேரம் மிச்சப்படுத்த ஒரு வழி இருக்கிறது. நிரப்பிய கப்புகளை மேசை முழுக்க அடுக்கி, மேலே காட்போட் அட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் இரண்டாவது தட்டு அடுக்கலாம். ஆனால் காலிமுகத்திடலிலும் மரைன் டிரைவிலும் கடற்காற்றைக் கணக்கில் எடுங்கள். வெறும் கப்பை மேசையில் வைத்தால் அடுத்த நிமிடம் அது ரயில் பாதையில் கிடக்கும். பையிலிருந்து எடுத்த கையோடு நிரப்புங்கள்.

ஒரு மேசைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

ஐந்நூறு பேர் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் வெக்கைக்கு ஆளுக்கு இரண்டு கப், ஒன்று குடிக்க, ஒன்று தலையில் ஊற்ற. ஆயிரம் கப். கப்புக்கு 150 மில்லிலீற்றர் என்றால் 150 லீற்றர். பத்தொன்பது லீற்றர்ப் போத்தலில் எட்டு. எட்டோடு நிறுத்தும் அமைப்பாளரிடம் நான் வாதாடுவேன், பன்னிரண்டு வேண்டும். வெயில் ஏறிய பிறகு வருபவர்கள் மூன்று, நான்கு கப் எடுப்பார்கள். முன்னால் போனவர்களின் கணக்கில் பின்னால் வருபவர்களுக்கு வாங்கினால் தண்ணீர் நிச்சயம் முடியும். பத்து கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டங்களில் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மேசை என்று உலக மெய்வல்லுநர் விதிகள் சொல்கின்றன. கொழும்பில் நான் இரண்டரை, மூன்று கிலோமீற்றருக்கு ஒன்று கேட்பேன்.

பொறுப்பாளராக இருந்தால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி இரண்டு போத்தலை மேசைக்குக் கீழே துணியால் மூடி, "கடைசி ஐம்பது பேருக்கு" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். எழுதி ஒட்டியதை யாரும் அவசரத்தில் திறப்பதில்லை.

சந்தியில் நிறுத்தினால், வாகனங்களை நான் மறிக்கலாமா?

மறிக்கக்கூடாது. அந்த அதிகாரம் பொலிஸாருக்கு மட்டுமே உண்டு. உங்கள் வேலை ஓட்டக்காரர்களுக்கு வழி காட்டுவது. பஸ் சாரதியோடும் ஓட்டோக்காரரோடும் வாக்குவாதப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள், இரவு வேலை முடிந்து வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் எல்லோரும் அந்த வீதிக்கு உரியவர்கள். "இன்னும் பத்து நிமிடம், அந்தப் பக்க ஒழுங்கையால் போகலாம்" என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலானோர் கேட்பார்கள். கேட்காவிட்டால் அருகில் இருக்கும் பொலிஸ் அதிகாரியிடம் விட்டுவிடுங்கள்.

ஓட்டக்காரர்கள் போகக்கூடாத வீதியின் வாயில் நில்லுங்கள். உங்கள் உடலே தடுப்பு. போகவேண்டிய பக்கத்துக்குக் கையை முழுவதும் நீட்டுங்கள். விரலை மட்டும் காட்டினால் இருபது மீற்றருக்கு அப்பால் தெரியாது. களைத்துப்போன மூளை பலகையை வாசிப்பதில்லை, மனிதரைத்தான் பார்க்கும்.

கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டு மூடுங்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். என் இரண்டாவது ஆண்டில், சுதந்திர சதுக்கப் பக்கம் ஒரு திருப்பத்தில் நின்றபோது வந்த குறுஞ்செய்திக்குப் பதில் எழுதக் குனிந்தேன். அரை நிமிடம் இருக்கும். நிமிர்ந்தபோது பதினொரு பேர் நேரே போய்க்கொண்டிருந்தார்கள். கத்திக்கொண்டே பின்னால் ஓடி, மூன்று பேரைத்தான் பிடிக்க முடிந்தது. மற்றவர்கள் ஒரு கிலோமீற்றருக்கு மேல் சுற்றி வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் நான்கு மாதம் அந்த ஓட்டத்துக்காகவே பயிற்சி செய்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. முடிவுக்கோட்டில் அவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். எனக்குத்தான் இன்றும் அந்தத் திருப்பத்தைக் கடக்கும்போது உறுத்துகிறது.

எனக்குச் சிங்களம் சரளமாக வராது. பரவாயில்லையா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து வரும் நம் பிள்ளைகள் பலர் இந்தத் தயக்கத்தாலேயே பெயர் கொடுக்காமல் விடுகிறார்கள். வீதியோரத்துக்கு நான்கு சொல் போதும்: வத்துர என்றால் தண்ணீர், வமட்ட என்றால் இடப்பக்கம், தக்குணட்ட என்றால் வலப்பக்கம், பரிஸ்ஸமின் என்றால் கவனம். மீதியைக் கை சொல்லிவிடும்.

தமிழிலும் கூப்பிடுங்கள். "தண்ணீர், தண்ணீர்! வலப்பக்கம்! இன்னும் இரண்டே கிலோமீற்றர்!" என்று நான் சத்தம் போடும்போது, கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு முகம் சட்டென்று திரும்பி மலரும். நீண்ட ஓட்டத்தில் தன் தாய்மொழிக் குரல் கேட்பது எவ்வளவு தெம்பு என்பது ஓடியவருக்குத் தெரியும். ஒருமுறை தெகிவளைப் பக்கம் ஒரு சிங்கள இளைஞர் என்னைக் கடக்கும்போது "நன்றி அண்ணா" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் அந்தக் குரல் காதில் இருந்தது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லாதீர்கள். மூன்று கிலோமீற்றர் இருக்கும்போது கொஞ்சம்தான் என்று கேட்டவர் நம்பி வேகமெடுப்பார், பிறகு உடைந்துபோவார். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து முடிவுக்கோடு எவ்வளவு தூரம் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டு வைத்து, அந்த எண்ணையே சொல்லுங்கள்.

ஓட்டக்காரர் தள்ளாடினால் அல்லது விழுந்தால் கைகொடுக்கலாமா? விதிப்படி தகுதி இழப்பார் என்கிறார்களே?

இரண்டு பழைய ஓட்டங்கள் இங்கே நினைவுக்கு வருகின்றன. 1908 லண்டன் ஒலிம்பிக் மரதனில் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி முதலாவதாக அரங்குக்குள் வந்தார், பலமுறை விழுந்தார், அதிகாரிகள் தூக்கிவிட்டார்கள். முதலில் கோட்டைக் கடந்தாலும், உதவி பெற்றதற்காக அவருடைய வெற்றி பறிபோனது. 1984 லொஸ் ஏஞ்சலிஸில், ஒலிம்பிக்கின் முதலாவது பெண்கள் மரதனில், சுவிற்சர்லாந்தின் கப்ரியேலா அண்டர்சன் ஷீஸ் வெக்கையில் தாக்குண்டு, உடல் ஒருபக்கம் கோணிப்போய், கடைசி 400 மீற்றரை ஐந்தரை நிமிடத்துக்கு மேல் தள்ளாடிக் கடந்தார். கூடவே வந்த மருத்துவர்கள், அவருக்கு இன்னும் வியர்க்கிறது என்பதைக் கவனித்துத் தொடாமல் விட்டார்கள். அவர் 37ஆவதாக முடித்தார். அவர் வழியில் கடைசித் தண்ணீர் மேசையைத் தவறவிட்டிருந்தார். தண்ணீர் மேசையில் நிற்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது ஞாபகம் வரும்.

இப்போதைய விதிகளில் அமைப்பாளர்கள் நியமித்த மருத்துவக் குழு தொட்டுச் சோதிப்பது உதவியாகக் கணக்கிடப்படாது. அதோடு, நம் போட்டிகளில் ஓடுபவர் பெரும்பாலும் அலுவலகம் போகும் அம்மாவோ அப்பாவோதான். உயிருக்கு முன்னால் விதி இல்லை. கைகொடுங்கள்.

கோட்டைக் கடந்தவுடன் தலைசுற்றி விழுபவர் ஒரு வகை. ஓடும்போது கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சட்டென்று நின்றால் இரத்தம் காலில் தேங்கிவிடும். அவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் சில நிமிடத்தில் தெளிவார். அதனால்தான் முடிவுக்கோட்டில் "நடந்துகொண்டே இருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மற்ற வகைதான் ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கும்போதே வளைந்து வளைந்து போவது, கேட்டதற்குப் பொருத்தமில்லாத பதில், காரணமில்லாத கோபம், தன் பெயரோ இடமோ தெரியாமை. இது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்க்கிறதே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். ஓடுபவர்களுக்கு வெப்பத்தாக்கத்திலும் வியர்வை இருக்கும். மருத்துவக் குழுவை அழையுங்கள், 1990 என்ற இலக்கத்துக்குச் சுவசெரிய அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள், அது இலவசம். வண்டி வரும்வரை காத்திருக்காமல் குளிரவைக்கத் தொடங்குங்கள். குளிர்ந்த நீர்த் தொட்டி இருந்தால் கழுத்துவரை அதில் இறக்குவதுதான் முதல் சிகிச்சை. இல்லையென்றால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் நனைத்த துவாய்களைக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் மாற்றி மாற்றி வைத்து, விசிறுங்கள். முதலில் குளிரவைப்பது, பிறகுதான் ஏற்றிச் செல்வது. எங்கள் மேசைகளில் ஒரு ஐஸ் பெட்டியும் ஆறு துவாயும் இல்லாமல் நான் பொறுப்பேற்பதில்லை.

மூச்சில்லாமல் விழுந்தால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றராவது அமிழும்படி அழுத்த வேண்டும். இதை வாசித்துப் பழக முடியாது. முதலுதவி வகுப்பு ஒன்றில் ஒரு நாள் செலவிடுங்கள்.

அப்படியானால் எல்லோரையும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். தாகத்துக்குக் குடிக்கச் சொல்லுங்கள். மெதுவாகப் பல மணித்தியாலம் ஓடுபவர் ஒவ்வொரு மேசையிலும் வயிறு முட்டக் குடித்தால், இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து குழப்பமும் வலிப்பும் வரலாம். கை விரல்கள் வீங்கி, மோதிரம் இறுகி, வாந்தியோடு வருபவருக்கு இன்னும் தண்ணீரைத் திணிக்காமல் மருத்துவக் குழுவிடம் அனுப்புங்கள். ஓட்டம் முடிந்த பிறகு ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைக் கரைசலோ, செவ்விளநீரும் ஏதாவது உப்புள்ள தின்பண்டமுமோ நல்லது.

"என் கடிகாரம் 10.2 காட்டுகிறது, தூரம் பிழை" என்று சண்டைக்கு வருபவருக்கு என்ன சொல்வது?

முதலில் வாழ்த்துச் சொல்லுங்கள். இப்போதுதான் பத்து கிலோமீற்றர் ஓடி வந்திருக்கிறார். பிறகு பொறுமையாக விளக்குங்கள்.

முறையாக அளந்த பாதையை, முன்சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில் அளப்பார்கள். அதற்கு முன், நாடாவால் அளந்த நேரான துண்டொன்றில் சைக்கிளை ஓட்டி, ஒரு கிலோமீற்றருக்குச் சக்கரம் எத்தனை எண்ணும் என்று கணக்கிடுவார்கள். வளைவுகளில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி, இருக்கக்கூடிய மிகக் குறுகிய வழியில் ஓட்டுவார்கள். பாதை குறைந்துவிடக்கூடாது என்பதற்காகக் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டுவார்கள். மரதனுக்கு 42 மீற்றர்.

நாம் யாரும் அந்தக் குறுகிய வழியில் ஓடுவதில்லை. ஆட்களை விலக்கிப் போகிறோம், தண்ணீர் மேசைக்கு மறுபக்கம் தாண்டுகிறோம், நிழலைத் தேடுகிறோம். கொழும்புக் கோட்டைப் பகுதியின் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில், கடிகாரத்துக்கு வரும் செய்மதிச் சைகையும் தெறித்துப் பிசகும். இருநூறு மீற்றர் கூடுதலாகக் காட்டுவது சாதாரணம். எல்லாப் போட்டிப் பாதையும் இப்படி அளக்கப்பட்டதல்ல என்பதும் உண்மை. எப்படி அளந்தீர்கள் என்று அமைப்பாளரிடம் கேட்பது ஓட்டக்காரரின் உரிமை. மேசையில் நிற்கும் தொண்டர் அதற்குப் பொய்ச் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை.

வரமுடியாத நண்பரின் இலக்கத்தை அணிந்து ஓடலாமா?

வேண்டாம். இலக்க அட்டையின் பின்பக்கத்தில் அவசரத் தொலைபேசி எண், இரத்த வகை, நோய் விவரம் எழுதும் இடம் இருக்கும். நீங்கள் விழுந்தால் நண்பரின் மனைவிக்கு அழைப்புப் போகும். உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

உங்கள் சொந்த அட்டையின் பின்பக்கத்தையும் தயவுசெய்து நிரப்புங்கள். மயங்கிக் கிடந்தவரின் அட்டையைத் திருப்பி, வெறும் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மகளைத் தனியாக அனுப்பலாமா?

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விதான். இருட்டில் எந்தச் சந்தியிலும் ஒருவரைத் தனியாக நிறுத்தக்கூடாது. ஆணானாலும் பெண்ணானாலும் இருவர் இருவராக. இதை ஏற்காத அமைப்பாளரிடம் அனுப்பாதீர்கள். பொறுப்பாளரின் எண்ணை வாங்கி, ஒருமுறை நேரில் பேசிவிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களை முடிவுக்கோட்டிலோ பதக்கம் கொடுக்கும் இடத்திலோ போடச் சொல்லுங்கள். வெளிச்சமும் ஆட்களும் அங்கே எப்போதும் உண்டு. பதக்கத்தைக் கையில் கொடுக்காமல் கழுத்தில் போடச் சொல்லிக்கொடுங்கள். அழுதுகொண்டே குனிந்து வாங்குபவர்களை அந்தப் பிள்ளை அன்று பார்க்கும்.

மழை வந்தால்?

மழைக்கு ஓட்டம் நிற்காது, ஓட்டக்காரர்கள் மகிழ்வார்கள். இடிக்கு நிற்க வேண்டும். இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் பொறுங்கள். மரத்தடியும் காலிமுகத்திடல் வெளியும் கூடவே கூடாது.

ஏதாவது கொடுப்பார்களா?

காசு இல்லை. ரி-சேர்ட், சான்றிதழ், காலைச் சாப்பாட்டுப் பொதி கிடைக்கும். பொதியில் பெரும்பாலும் மீன் வைத்த மாலுபாண் இருக்கும். மரக்கறி மட்டும் உண்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அல்லது வீட்டிலிருந்து இரண்டு வாழைப்பழம் கொண்டுவாருங்கள். தொப்பி, சிறிய டோர்ச், மூடிய சப்பாத்து கட்டாயம். செருப்போடு வந்தால் காலை முழுவதும் ஈரத்தில் நிற்பீர்கள்.

கடைசி ஆளோடு வருவது என்றால் என்ன?

லண்டனில் புஷி பூங்காவில் 2004ஆம் ஆண்டு பதின்மூன்று பேரோடு தொடங்கி, இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பார்க்ரன் ஓட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. தொண்டர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். அதனால் ஓட வந்த எவரும் கடைசியாக முடிப்பதில்லை. கடைசி இடம் எப்போதும் தொண்டருக்கே. என் மனத்துக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. நம் போட்டிகளில் இப்படி ஒருவரைப் போடும்படி நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சிலர் போடுகிறார்கள்.

போன முறை நான் அந்த வேலை பார்த்தபோது, கடைசியில் வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பத்து கிலோமீற்றர். நீரிழிவுக்கு நடக்கச் சொன்னார் வைத்தியர், பிறகு நடையே ஓட்டமானது என்றார் அந்த அம்மா. ஏழாவது கிலோமீற்றரில் பெருவிரலில் சப்பாத்து வெட்டத் தொடங்கியது. நடைபாதைக் கட்டில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் காசளவு இரத்தம். நீரிழிவுக் காலுக்கு இது நல்லதல்ல, வண்டியில் ஏறலாம் என்று சொன்னேன். பிளாஸ்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது. கழுவி, துடைத்து, இரண்டு பிளாஸ்டர் ஒட்டி, என் பையிலிருந்த உலர்ந்த காலுறையைக் கொடுத்தேன். ஓடமாட்டேன், நடக்கிறேன், வலித்தால் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். நடந்தோம். பேரப்பிள்ளையின் பரீட்சை பற்றியும், பம்பலப்பிட்டியில் முன்பிருந்த வீட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார்.

நேர எல்லை வந்தபோது முடிவுக்கோட்டில் நிறுத்தியிருந்த அலங்கார வளைவைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். பொறுப்பாளருக்கு அழைத்து, "ஒருவர் வருகிறார், பத்து நிமிடம்" என்றேன். கழற்றுவதை நிறுத்தினார்கள். மேசை மடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பத்துப் பேர் வந்து இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டினார்கள். அந்த அம்மா கடைசி இருபது மீற்றரை, சொன்ன சொல்லை மீறி, ஓடினார்.

இந்த வேலைக்குப் போகிறவர் பையில் பிளாஸ்டர், காலுறை, ஒரு போத்தல் தண்ணீர், ஜீவனிப் பொதி, கொஞ்சம் இனிப்பு, நூறு இருநூறு ரூபாய், முழுதாகச் சார்ஜ் ஏறிய தொலைபேசி. நேர எல்லை முடிந்தால் வீதி வாகனங்களுக்குத் திறந்துவிடப்படும். அப்போது அவரை நடைபாதைக்கு ஏற்றிக் கூட்டிவாருங்கள். வண்டியில் ஏறும்படி சொல்லலாம், ஏறும்படி அவமானப்படுத்தக்கூடாது.

எப்போது மேசையைக் கழற்றலாம்?

கடைசி ஆளோடு வருபவர் உங்களைக் கடந்து போன பிறகு. கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், "இனி யாரும் வரமாட்டார்கள் போலிருக்கிறது" என்று மோட்டார் சைக்கிளில் போகிறவர் சொன்னாலும் கழற்றாதீர்கள். அப்படி ஒருவரை அமைப்பாளர் போடவில்லையென்றால், உங்களுக்கு முந்தைய மேசைக்குத் தொலைபேசியில் பேசி, அவர்களைக் கடந்த கடைசி இலக்கம் எது என்று கேட்டுக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும்.

அதன் பிறகு குப்பை. ஆயிரம் கப்பில் குறைந்தது முந்நூறு வீதியில்தான் இருக்கும். மரைன் டிரைவில் வாய்க்கால் ஓரத்தில் தேங்கியவற்றை முதலில் பொறுக்குங்கள், ஒரு மழை பெய்தால் அவை நேரே கடலுக்குப் போகும். மேசைக்கு முன்னாலும் பின்னாலும் இருநூறு மீற்றர் நடந்து பாருங்கள். கையுறை இரண்டு சோடி கொண்டுவாருங்கள், ஒரு சோடி எப்படியும் கிழியும்.